3 வருஷமாச்சு, இன்னும் கத்துறேன் (கடிதமும் பதிலும்)

அண்ணே, வணக்கம். நான் சிங்கப்பூர் செங்காங்ல இருக்கேன். ஞானஸ்நானம் எடுத்து 3 வருஷம் ஆச்சு. இன்னும் மாமியார்கிட்ட கத்துறேன், சேர்ந்தாப்ல 10 நிமிஷம் ஜெபம் பண்ண முடியல, கை போனுக்குப் போயிடுது. செல் குரூப்ல, அதான் சர்ச்சோட சின்ன ஜெபக் குழுவுல, எனக்கப்புறம் வந்தவங்கல்லாம் சாட்சி சொல்றாங்க. நான் இரட்சிக்கப்பட்டேனான்னே சந்தேகமா இருக்கு. இன்னைக்கு எத்தனை தடவை கோபப்பட்டேன்னு ராத்திரியில போன்ல குறிச்சு வைக்கிறேன், குறையவே மாட்டேங்குது. உபவாசத்தைக் கூட்டணுமா? பைபிள் வாசிக்க எந்த ஆப் நல்லது?

ம.

அன்புள்ள ம.,

ஆப் எது வேணா போட்டுக்கங்க, எல்லாத்துலயும் அதே பைபிள்தான். உபவாசத்தை உங்க பாஸ்டர்கிட்ட கேளுங்க, சாப்பாட்டு விஷயத்துல நான் யோக்கியன் கிடையாது. ஆனா அந்தக் கணக்கு எழுதுற வேலை இருக்கே, அதை இன்னைக்கே டிலீட் பண்ணுங்கம்மா. படிச்சதும் எனக்கு எரிச்சலா வந்துச்சு, பாதி உங்க மேல, பாதி இதையெல்லாம் உங்களுக்குக் கத்துக்குடுத்தவங்க மேல.

எங்கப்பா ஜொகூர்ல ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். இருட்டுல பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கிற வரிசைக்கு, நின்னு, வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டி முடிக்கணும். கன்னு நட்டா ஆறேழு வருஷத்துக்கு மரத்துல கத்தியே வைக்க முடியாது, அதுக்கப்புறமும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் பட்டையை மெல்லிசா சீவணும். பால் புடிக்கிற மங்கு சீக்கிரம் நிறையட்டும்னு அழுத்தி வெட்டி, கத்தி உள்ள இருக்கிற மரத்துல பட்டுச்சுன்னா காயம் ஆறும்போது அந்த இடமே முண்டு முண்டா ஆயிடும், திரும்ப அங்க ஒழுங்கா சீவ முடியாது. புது ஆளுங்க வெட்டின மரத்தைத் தடவிப் பாத்துட்டு அப்பா "அவசரக்காரன் கை"ம்பார். மரத்தைக் கொல்லாம பால் எடுக்கிற இந்த முறையை 1890கள்ல நம்ம பொட்டானிக் கார்டன்ல இருந்துதான் அதோட டைரக்டர் ரிட்லி துரை கண்டுபுடிச்சார். ரப்பர் நடுங்கய்யான்னு பாக்கெட்ல விதையை வெச்சுக்கிட்டு சுத்தினாரு, அத்தனை வருஷம் எவன் காத்திருக்கிறதுன்னு தோட்டத் துரைமாருங்க அவருக்கு பைத்தியக்கார ரிட்லின்னு பேர் வெச்சாங்க.

நீங்க ராத்திரிக்கு ராத்திரி கத்தியை எடுத்து அதே பட்டையைச் சீவிக்கிட்டு இருக்கீங்க.

அப்பா சர்ச்சுக்குப் போறவர்தான், ஆனா பயங்கரக் கோபக்காரர். குயின்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தப்புறமும் ஞாயித்துக்கிழமை முன் பெஞ்ச்ல உக்காருவார், திங்கக்கிழமை குழம்புல உப்பு கூடிடுச்சுன்னா தட்டு பறக்கும். இந்தாளு வேஷக்காரன்னு 15 வயசுலயே முடிவு கட்டிட்டேன், ரொம்ப வருஷம் சர்ச் பக்கமே போகாததுக்கு அதுவும் ஒரு காரணம். அவருக்கு எழுபது தாண்டின பிறகு ஒரு சாயங்காலம், என் பையன் மைலோவை அவரோட பைபிள் மேல கொட்டிட்டான், எஸ்டேட்ல இருந்து தூக்கிட்டு வந்த பழைய பைபிள், பையன் செத்தான்னு நான் பதறி எந்திரிக்கிறேன், அவர் கைலி முனையால துடைச்சு, பக்கத்தை ஒண்ணொண்ணா பிரிச்சு ஃபேன் கீழ வெச்சுட்டு, "புள்ளைக்கு இன்னொரு கப் கலக்கிக் குடு"ன்னார். அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "அவரு தட்டு எறிஞ்சு 11 வருஷமாச்சு, நீ இப்பதான் பாக்குறியா"ன்னாங்க. அவர் "அப்படியா?"ன்னார். நெசமாவே தெரியல அவருக்கு.

இந்த மனுஷன் என்னத்தை சாட்சி சொல்வார், சொல்லுங்க. நம்ம சர்ச்சுகள்ல மைக் யாருக்குக் கிடைக்குது? நேத்து குடிச்சேன் இன்னைக்கு விட்டுட்டேன்னு சொல்றவங்களுக்கு. அது பொய்ங்கல, அப்படியும் நடக்கும். ஆனா வாராவாரம் அதையே கேட்டா உங்களை மாதிரி ஆளுங்க, நமக்கு ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணிடுறீங்க. தமஸ்கு ரோட்ல பவுல் விழுந்து ஒரே நாள்ல மாறினது சின்னப் புள்ளைக்கும் தெரியும். அப்புறம் அரபியாவுக்குப் போனேன், 3 வருஷம் கழிச்சுதான் எருசலேமுக்கு வந்தேன், பிறகு 14 வருஷம்னு கலாத்தியர்ல அவரே எழுதுறாரே, அந்த 14 வருஷத்தை வெச்சு ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்ல. மாற்கு 4ல விதை வளர்றது விதைச்சவனுக்குத் "தெரியாதவிதமாய்"ன்னு இருக்கு, கவனிச்சீங்களா? அவன் ராத்திரி தூங்குறான்னும் இருக்கு. தூங்குறாம்மா. நோட்டுப் போட்டு எழுதல.

ஆங், மாமியார். மெதுவாத்தான் வளரும்னு சொன்னதால அதுவரைக்கும் கத்திக்கலாம்னு நினைச்சுராதீங்க, அந்தத் தட்டையெல்லாம் குனிஞ்சு பொறுக்கினது எங்கம்மா. இன்னைக்குக் கத்தியிருந்தா இன்னைக்கே போய் "அத்தை, தப்பு என்மேல"ன்னு சொல்லுங்க, அவங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் பரவால்ல. சொல்லிட்டு, போனை ஹால்லயே வெச்சுட்டு தூங்கப் போங்க.