ஐரோப்பியப் படங்கள் எல்லாமே மெதுவாகவும் சோகமாகவும்தான் இருக்குமா?

கேள்வி: நாலைந்து ஐரோப்பியப் படங்கள் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. படம், தொடர் எல்லாமே இப்படித்தானா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

எனக்கும் ஒரு காலத்தில் இதே எண்ணம்தான். கல்லூரி நாட்களில் சென்னையில் ஒரு திரைப்பட விழாவில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் எல்லோரும் ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடித்தபடி மழையைப் பார்ப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊர் வரை வந்து சேர்பவை பெரும்பாலும் விருது வாங்கிய படங்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. விழாக்களுக்குப் போன தமிழ்ப் படங்களை மட்டும் பார்த்த ஒரு டென்மார்க்காரர், தமிழ்ப் படத்தில் குத்துப்பாட்டே கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

ஐரோப்பியர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் படித்த இரண்டு வருடமும், ஞாயிறு இரவு 8.15 மணிக்கு விடுதிச் சமையலறையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். அந்த நேரத்தில் 'டாட்டோர்ட்' ஓடும். குற்றம் நடந்த இடம் என்று பொருள். 1970இல் தொடங்கிய துப்பறியும் தொடர், இன்னும் வருகிறது. தொடக்க இசையும், அதோடு திரையில் வரும் கண்ணும், ஓடும் கால்களும்கூட ஏறத்தாழ அப்படியே. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேர முழுக்கதை. இதை ஒளிபரப்பும் ஏஆர்டி என்பது பிராந்தியப் பொதுத் தொலைக்காட்சி நிறுவனங்களின் கூட்டமைப்பு. அதனால் ஆளுக்கொரு ஊரை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். இந்த வாரம் கீல் துறைமுகத்தில் பிணம் என்றால் அடுத்த வாரம் மியூனிக். மூன்ஸ்டர் ஜோடி வந்தால் பாதி நேரம் சிரிப்புதான், பிணவறை டாக்டரும் போலீஸ்காரரும் எலியும் பூனையும். சுவிஸ் போலீஸ் வரும் வாரத்தில், அவர்கள் சுவிஸ் ஜெர்மனில் பேசியதை ஜெர்மனிக்காரர்களுக்குப் புரிவதற்காகப் பொது ஜெர்மனில் டப் செய்துவிடுவார்கள். என் பக்கத்து அறை நண்பன் கீல்காரன். அவன் ஊர்க் கதை ஓடினால் போதும், "அந்தத் தெரு அங்கே இல்லவே இல்லை" என்று நொட்டை சொல்லிக்கொண்டே இருப்பான்.

பணம் வரும் வழியும் இதில் முக்கியம். ஜெர்மனியில் டிவி இருக்கிறதோ இல்லையோ, பொதுத் தொலைக்காட்சி, வானொலிக்காக வீட்டுக்கு மாதம் 18 யூரோ சொச்சம் கட்டியாக வேண்டும். பிரான்ஸில் சினிமா டிக்கெட் விலையில் 10.72 சதவீதம் பிடித்து, 1946இல் அமைத்த தேசியத் திரைப்பட மையத்துக்குக் கொடுக்கிறார்கள். ஹாலிவுட் படத்து டிக்கெட்டிலும் இதே பிடித்தம் உண்டு. சூப்பர் ஹீரோ படத்துக்குக் கூட்டம் சேரச் சேர, யாரோ ஒரு புது பிரெஞ்சு இயக்குநருக்கு வழி பிறக்கிறது. என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

சின்ன நாடுகள் கூட்டு சேர்கின்றன. டென்மார்க்கும் ஸ்வீடனும் சேர்ந்து 2011இல் கொண்டுவந்த 'பாலம்' தொடரில், இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம் கிடக்கும். யார் விசாரிப்பது? அந்த ஊர் போலீஸ் டேனிஷில் பேச, இந்த ஊர் போலீஸ் ஸ்வீடிஷில் பதில் சொல்ல, கதை பறக்கும்.

மெதுவு என்று குறை சொன்னீர்களே, நார்வே பொதுத் தொலைக்காட்சி 2009இல் பெர்கன்–ஓஸ்லோ ரயிலில் கேமராவை மாட்டி ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே காட்டியது. 2011இல் கடலோரக் கப்பல் பயணம் ஒன்று, 134 மணி நேரம், நேரலை. ஊர் ஊராக ஜனங்கள் கரைக்கு வந்து கையாட்டினார்கள்.

சரி, சோகம்? ருமேனியாவின் 'லாசரெஸ்கு அவர்களின் மரணம்' (2005) பாருங்கள். தலைவலிக்கிற கிழவரை ஆம்புலன்ஸில் ஏற்றி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழிக்கிறார்கள். அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற யாரும் சிரித்துவிடுவார்கள், அப்புறம் சிரித்ததற்குக் கூச்சப்படுவார்கள்.

'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது வாங்கியது. நாயகன் எழுத்தாளர் ஷோபாசக்தி, நாயகி சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன், வசனத்தில் பெரும்பகுதி தமிழ். இயக்குநர் ழாக் ஓதியாருக்கோ தமிழ் தெரியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், 'பாலம்' முதல் பகுதி. அதற்கும் பொறுமை இல்லையென்றால் 'டின்னர் ஃபார் ஒன்'. ஹாம்பர்க் தொலைக்காட்சி நிறுவனம் 1963இல் படம்பிடித்த 18 நிமிட நாடகம். ஒரு பாட்டிக்கு 90ஆவது பிறந்தநாள். விருந்துக்கு வரவேண்டிய நான்கு நண்பர்களும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பங்கு மதுவைக் குடித்துத் தீர்க்க வேண்டியது வேலைக்காரர் பொறுப்பு. நடிப்பவர்கள் ஆங்கிலேயர்கள், பேசுவதும் ஆங்கிலம், ஆனால் டிசம்பர் 31 இரவு தவறாமல் பார்ப்பது ஜெர்மன்காரர்கள். பிரிட்டனில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தரையில் விரித்த புலித்தோலின் தலையை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.