இழுக்கறது வண்டி, குடிக்கறது யாரு?

போன இதழ்ல பிக்கப் வண்டி மைலேஜ் பத்தி ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி ட்ரெய்லர் மாட்டி இழுக்கறவங்க கேட்டதுதான். நானும் பத்து வருஷம் ஜெனரேட்டர இஸ்துகினு மண்டபம் மண்டபமா சுத்தினவன்றதால எனக்கும் இது புடிச்ச சப்ஜெக்ட். அதனால இந்த தடவ வேற கேள்வி எதுவும் எடுக்கல.

சவுண்டு சர்வீஸ், சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு வுடறேன் சார். பிக்கப் தனியா போனா லிட்டருக்கு 13 குடுக்குது, பின்னாடி ஜெனரேட்டர மாட்டிகினு போனா 8 தான் வருது. ஜெனரேட்டர் ஒரு டன்னுதான் இருக்கும். சிரசு திருவிழா சீசன்ல சம்பாதிக்கறது பாதி டீசலுக்கே போயிடுது. பங்க்ல ஏமாத்தறாங்களா, இல்ல இன்ஜின் வேலைக்கு வந்துடுச்சா? - வாசகர், குடியாத்தம்

ரெண்டும் இல்லனுதான் தோணுது தம்பி. மொதல்ல ஒண்ணு யோசிச்சு பாருங்க, மண்டபத்துக்கு போனதும் ட்ரெய்லர கழட்டி நாலு பசங்க சேர்ந்து தள்ளியே ஓரமா நிறுத்திடறாங்க இல்ல? சமமான ரோட்டுல நல்லா காத்தடிச்ச டயர்ல ஒரு டன்ன உருட்ட ஒரு 15 கிலோ இழுவை இருந்தா போதும், அதான் பசங்களால முடியுது. அப்போ வெறும் வெயிட்டு மட்டும் அஞ்சு கிலோமீட்டர சாப்பிட்டிருக்காது, வேற யாரோ கூட உக்காந்து சாப்பிடறாங்க.

மொத ஆளு காத்து. நீங்க பிக்கப் பாடில சீரியல் லைட்டு ஃப்ரேம், ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் கேபினுக்கு மேல ஒரு ஆள் ஒசரத்துக்கு அடுக்கிகினு, பின்னாடி ஜெனரேட்டரையும் மாட்டிகினு, பள்ளிகொண்டா டோல் தாண்டினதும் ஹைவே காலியா இருக்குதேன்னு 80ல வுடுவீங்க. அந்த 80ல காத்து தள்ற தள்ளு இருக்கே, அது ட்ரெய்லர உருட்டற இழுவைய விட மூணு நாலு மடங்கு இருக்கும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும், கணக்கு அப்படித்தான் போகும். 60ல இருந்து 80க்கு போனாலே காத்து 1.8 மடங்கு கிட்ட ஆயிடுது. 50 கிலோமீட்டர் தூரத்துக்கு 60ல போனா 50 நிமிஷம், 80ல போனா முப்பத்தேழரை நிமிஷம், அந்த பன்னெண்டு நிமிஷத்துக்காக நீங்க குடுக்கற விலைய டீசல் பில்லுல பாருங்க. அந்த பன்னெண்டு நிமிஷத்தையும் வாலாஜா பக்கம் டீக்கடைல நிறுத்தி கரைச்சுடுவோம், அது வேற கதை. ஃப்ரேம நிக்க வெக்காம படுக்க போட்டு தார்ப்பாய இறுக்கி கட்டுங்க, படபடன்னு அடிச்சுகினு போற தார்ப்பாயும் டீசல் குடிக்கும்.

ரெண்டாவது ஆளு நின்னு நின்னு கிளம்பறது. வண்டி, லோடு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து மூணு டன்னுனு வெச்சுக்குங்க, அத நின்ன எடத்துலேர்ந்து 60க்கு கொண்டு போகவே சுமார் 35 மில்லி டீசல் போவுது. ப்ரேக் அடிச்சா அது அத்தனையும் ட்ரம்முல சூடா போயிடும், திரும்ப வராது. முப்பது தடவ அப்படி நின்னு கிளம்பினா ஒரு லிட்டர் காலி. வேலூர் கிரீன் சர்க்கிள், காட்பாடி ரயில்வே மேம்பாலம்னு சாயந்திரம் ஆறு மணிக்கு லோடோட மாட்டிகினா மைலேஜ் பத்தி பேசவே கூடாது. வெயிட்டு ஆட்டம் காட்டறது இங்கதான், நேர் ரோட்டுல இல்ல. காலைல நாலு மணிக்கே கிளம்பி பாருங்க. முன்னாடி ஸ்பீடு ப்ரேக்கர் தெரிஞ்சதும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துடுங்க, கிட்ட போய் ப்ரேக் அடிக்காதீங்க.

மூணாவது ஆளு கியர். டாப் கியர்ல போட்டு வண்டி முக்கிகினு வரச்சொல்ல ஆக்ஸிலேட்டர மிதிச்சுகினே இருக்கறது டீசல் மிச்சம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. மிச்சம் ஆவாது, இன்ஜின் திணறும், சூடு ஏறும், கரும்புகை தள்ளும். ஒரு கியர் கொறைங்க. சத்தம் கொஞ்சம் கூட வரும், அதுக்காக பயப்படாதீங்க.

நாலாவது ஆள நான் என் சொந்த காசுல கண்டுபுடிச்சேன், சொல்றேன் கேளுங்க. ஒரு வருஷம் கல்யாண சீசன்ல என் வண்டி திடீர்னு 6 குடுக்க ஆரம்பிச்சுது. பங்க்காரன திட்டினேன், பங்க்க மாத்தினேன், டீசல் ஃபில்டர் மாத்தினேன், இன்ஜெக்டர் கழட்டி சர்வீஸ் பண்ணேன், ஒண்ணும் ஆவல. ஒரு நாள் பொய்கை கிட்ட டீ குடிக்க நிறுத்தினோம், நம்ம கிளீனர் பையன் பல்லு வெளக்கிட்டு ட்ரெய்லர் சக்கரத்து மேல கைய வெச்சு சாய்ஞ்சான், "ஐயோ"ன்னு கத்தி கைய ஒதறினான். சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பு தோசக்கல்லு மாதிரி சுடுது. ட்ரெய்லர் ப்ரேக் ஷூ ட்ரம்மோட ஒட்டிகினு இருந்திருக்கு, நான் ஒரு மாசமா ப்ரேக் புடிச்ச சக்கரத்த இஸ்துகினு ஊரெல்லாம் போயிருக்கேன்! அதனால பத்து கிலோமீட்டர் போனதும் ஓரமா நிறுத்தி ரெண்டு ஹப்புலயும் கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, மொதல்லயே தொட்டுடாதீங்க. ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் சூடுனா ப்ரேக்கோ பேரிங்கோ புடிக்குது. கிரீஸ் போட்டு எவ்ளோ நாளாச்சுனு யாருக்குமே ஞாபகம் இருக்காது, ட்ரெய்லர்னாலே நமக்கு மாத்தாந்தாய் புள்ளதான.

இன்னொண்ணு, 13, 8ன்னு சொல்றீங்களே, எப்படி அளந்தீங்க? மீட்டர்ல காட்டறத நம்பாதீங்க. ஒரே பங்க்ல ஃபுல் டேங்க் அடிச்சு, 200, 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்ல திரும்ப ஃபுல் டேங்க் அடிச்சு, ஓடின கிலோமீட்டர அடிச்ச லிட்டரால வகுங்க. 500 ரூபாய்க்கு அடிச்சுட்டு முள்ள பாத்து சொல்ற மைலேஜ் எல்லாம் ஜோசியம்.

இத்தனையும் செஞ்சா 13 வராது, 10 வந்தா என்னைய ஞாபகம் வெச்சுக்குங்க.

ஆம்பூர்லேர்ந்து ஏலகிரிக்கு மிக்ஸர் மிஷின இழுத்துகினு போறேன், கட்டட வேலை. ஏற சொல்ல லிட்டருக்கு நாலு அஞ்சுதான் வருது. அந்த நஷ்டத்துக்கு எறங்க சொல்ல நியூட்ரல் போட்டு வுட்டுடறேன். சரிதானே? - வாசகர், ஆம்பூர்

ஏற சொல்ல நாலு வரது சரிதான், எறங்க சொல்ல நீங்க பண்றது தப்பு, தயவு செஞ்சு இன்னையோட நிறுத்துங்க.

ஏலகிரி கீழேர்ந்து மேல 650, 700 மீட்டர் ஒசரம். வண்டி, மிக்ஸர், சிமெண்ட் மூட்டை எல்லாம் சேர்ந்து மூணரை டன்னுனா, அந்த எடைய அவ்ளோ ஒசரத்துக்கு தூக்கவே ரெண்டு லிட்டர் டீசல் வேணும், இதுல நீங்க எப்படி ஓட்டினாலும் தள்ளுபடி கெடையாது. சிமெண்ட மேலயே வாங்க முடியுமான்னு பாருங்க, இல்ல மிக்ஸர் வேலை முடியற வரைக்கும் அங்கயே நிக்கட்டும், தெனமும் ஏத்தி எறக்காதீங்க.

எறக்கத்துல கியர்லயே வுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தீங்கன்னா இன்ஜினுக்கு டீசல் போறதே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வெக்கும். நியூட்ரல் போட்டா இன்ஜின் ஐட்லிங்ல நிக்கணும்ல, அதுக்கு டீசல் குடிச்சுகினே இருக்கும். ஆக, நீங்க மிச்சம்னு நெனைக்கறதுதான் செலவு. காச வுடுங்க, 14 கொண்டை ஊசி வளைவு, பின்னாடி ஒரு டன்னு தள்ளிகினு வருது, முழு பாரமும் ப்ரேக் மேலயே வுழுந்தா பாதி மலைல ப்ரேக் சூடாகி மிதி உள்ள போகும், வண்டி நிக்காது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க.

என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறான். படுக்கை, சமையல் அறை எல்லாம் உள்ள ட்ரெய்லரை அதில் கட்டி இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறான். சாதாரணமாக 20 தருகிற வண்டி அப்போது 10 தான் தருகிறது என்கிறான். நம் ஊர் பொலிரோ பிக்கப்பைவிட அது மேலா? - ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

ஐயா வணக்கம். உங்க மகன் சொல்றது மைல் கணக்கு, ஒரு கேலனுக்கு எத்தன மைலுன்னு. அவங்க ஊரு கேலன் 3.785 லிட்டர். நம்ம கணக்குல 20னா லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர், 10னா நாலேகால். அந்த வண்டி பெரும்பாலும் பெட்ரோல், இன்ஜினும் பெருசு, அதனால பொலிரோவோட வெச்சு பாக்கறது சரியா வராது.

பாதியா கொறையறது அங்க சகஜம்ங்க ஐயா, வண்டில கோளாறு இல்ல. அந்த வீட்டு ட்ரெய்லர் இருக்கே, பிக்கப்ப விட ஒசரம், அகலம், முன்பக்கம் செவுரு மாதிரி. ஒரு பீரோவ நிக்க வெச்சு இழுத்துகினு போற மாதிரிதான். அதனால அங்கயும் வேகம்தான் பேச்சு. கலிபோர்னியால ட்ரெய்லர் இழுக்கற வண்டிக்கு சட்டப்படியே 55 மைல்தான், நம்ம 88 கிலோமீட்டர். 65ல போறவன் 55க்கு எறங்கினா காத்தோட எதிர்ப்பு நாலுல ஒரு பங்குக்கு மேல கொறையும், போலீஸ் சீட்டும் வராது. மகன் கிட்ட இன்னொண்ணும் கேளுங்க, ட்ரெய்லர் எடைல 10லேர்ந்து 15 சதவீதம் கொக்கி மேல உக்காருதான்னு. 5000 பவுண்டு ட்ரெய்லர்னா 500லேர்ந்து 750 பவுண்டு. தண்ணி டேங்க், சாமானெல்லாம் பின்பக்கமா போட்டுட்டா கொக்கில பாரம் கொறைஞ்சு ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும், ஹைவேல அது மைலேஜ விட பெரிய விஷயம்.

நம்ம ஊரு வெயிலுக்கு டயர் வெடிச்சுடும்னு ட்ரெய்லர் டயர்ல காத்த கொறைச்சு வெக்க சொல்றாங்க. செய்யலாமா? - வாசகர், ஆற்காடு

கூடவே கூடாது. காத்து கொறைஞ்ச டயர் மடிஞ்சு மடிஞ்சு ஓடும், அதனாலதான் சூடாவும், வெடிக்கறதும் அதுதான். டீசலும் கூட குடிக்கும். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சில்லுனு இருக்க சொல்ல, கம்பெனி சொன்ன அளவுக்கு அடிங்க. மத்தியானம் ஓட்டிட்டு வந்து பாத்தா கூட காட்டும், அத பாத்து புடுங்கி வுடாதீங்க. ட்ரெய்லர் டயர் தேயறதே இல்ல, வெயில்ல நின்னு நின்னு வெடிப்பு வுழுந்து சாவும், அதனால பட்டன், அதாவது தரைல படற மேட்டு கட்டைய மட்டும் பாத்து ஏமாறாதீங்க. டயரோட பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது.

ட்ரெய்லருக்கு தனியா நம்பர் வாங்கணுமா? - வாசகர், சோளிங்கர்

ஆமா. 1988 மோட்டார் வாகன சட்டத்துல ட்ரெய்லர் தனி கணக்கு, தனியா பதிவு பண்ணணும். அது போக இழுக்கற வண்டியோட நம்பரும் ட்ரெய்லர் பின்னாடி தெரியணும், இத நெறைய பேரு மறந்துடறாங்க.

செவ்வாக்கெழம பொய்கை சந்தைக்கு ரெண்டு மாடு ஏத்தின ட்ரெய்லர இழுத்துகினு போறேன். மாடு எந்த பக்கம் பாத்து நிக்கணும்? - வாசகர், அணைக்கட்டு

எந்த பக்கம் பாத்து நின்னாலும் பாரம் ஆக்ஸிலுக்கு கொஞ்சம் முன்னாடி வரா மாதிரி கட்டுங்க, கயிறு நீளமா வுட்டா மாடு பின்னாடி நகந்துடும், கொக்கி மேல தூக்கும். 40, 50க்கு மேல போகாதீங்க, மைலேஜுக்காக சொல்லல, வளைவுல மாடு கால் ஊணி நிக்கணும்ல. திரும்பி வர சொல்ல ட்ரெய்லர் காலியா இருந்தா பின் கதவ ஆட வுடாம கொண்டி போட்டுட்டு வாங்க.