பின்னங்கால்களை இழுத்து நகரும் வளர்ப்பு முயல்: உடனே செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டில் குழந்தைகள் செல்லமாக வளர்க்கும் வெள்ளைப் பெண் முயலுக்கு வயது இரண்டு, எடை ஏறத்தாழ 3 கிலோ. இதுவரை சினைப்படுத்தவில்லை. நேற்று முன்தினம் இரவு தெருநாய்கள் கூண்டைச் சுற்றிக் குரைத்தன. மறுநாள் காலையில் முயல் இரண்டு பின்னங்கால்களையும் தரையோடு இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தழையைச் சிறிதளவே தின்கிறது. இது வாதம் என்றும், எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும் என்றும் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அடுத்த கூண்டில் இன்னும் மூன்று முயல்கள் உள்ளன. அவற்றுக்கும் இது தொற்றுமா? (விவசாயி ஒருவர், ராசிபுரம் வட்டம்)

பதில்: நீவிவிடுவதை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தாங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது முதுகெலும்புக் காயத்தையே. முயலின் எலும்புகள் மிக இலேசானவை. மொத்த உடல் எடையில் அவற்றின் பங்கு 7 முதல் 8 விழுக்காடுதான், பூனைக்கோ அது 12 விழுக்காட்டுக்கும் மேல். அந்த இலேசான எலும்புக்கூட்டில் மிக வலிமையான பின்னங்கால் தசைகள் பொருந்தியிருப்பதால், அச்சத்தில் முயல் கூண்டுக்குள் துள்ளி உதைக்கும் விசையே அதன் இடுப்புப் பகுதி முதுகெலும்பை, பெரும்பாலும் கடைசி இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிய இடத்தில், முறித்துவிடவோ விலக்கிவிடவோ போதுமானது. நாய் கடிக்க வேண்டியதில்லை; கூண்டருகில் குரைத்தாலே போதும். காதைப் பிடித்துத் தூக்கும்போதும், பின்பகுதியைத் தாங்காமல் தூக்கும்போதும் நேர்வது இதே விபத்துதான். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தைக் குழந்தைகள் பெரியவர்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முறிந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தினால், வீங்கியிருக்கும் தண்டுவடம் மேலும் நசுங்கும். ஆகவே முயல் திரும்பிப் படுக்க மட்டுமே இடமுள்ள அட்டைப்பெட்டி ஒன்றில் மடித்த துண்டை விரித்து, ஒரு கை மார்பின் அடியிலும் மறு கை பிட்டத்தின் அடியிலும் இருக்குமாறு முதுகு வளையாமல் தூக்கி அதில் வையுங்கள். பெட்டியை நிழலான, சந்தடியில்லாத இடத்தில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தங்களுக்கு அருகிலேயே இருப்பதால், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரிடம் செல்வதற்குள் இரண்டு செய்திகளைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, முயல் தானாகச் சிறுநீர் கழிக்கிறதா என்பது. தண்டுவடம் பாதிக்கப்பட்டால் சிறுநீர்ப்பை நிரம்பி அப்படியே நின்றுவிடலாம், அல்லது சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கலாம். நின்றுவிட்டால் மருத்துவரே அழுத்தி வெளியேற்றி, அந்த முறையைத் தங்களுக்கும் கற்றுத்தர வேண்டும். இரண்டாவது, பின்னங்கால் விரலை அழுத்தும்போது முயல் என்ன செய்கிறது என்பது. கால் மட்டும் வெடுக்கென்று மடங்குவதை உணர்ச்சி இருப்பதற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. மூளைக்குச் செய்தி எட்டாமலே அந்த அசைவு நிகழும். தலையைத் திருப்பினாலோ, முன்னால் நகர முயன்றாலோ, கத்தினாலோதான் வலியை உணர்கிறது என்று பொருள். வலி உணர்ச்சி இருக்கும் முயல்களில் பல, அசையாத ஓய்விலும் வலிநிவாரண மருந்திலும் 4 முதல் 6 வாரங்களில் தேறிவருவதுண்டு. உணர்ச்சி முற்றிலும் அற்றுப்போய், எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருப்பதும் தெரிந்தால் நம்பிக்கை மிகக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எலும்பில் பழுது எதுவும் இல்லையென்று தெரிந்தால், அடுத்து எண்ண வேண்டியது என்செபாலிட்டோசூன் குனிகுலை என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியை. மூளை, தண்டுவடம், சிறுநீரகம், கண் ஆகியவற்றில் தங்கும் இது, பல முயல்களில் எந்த அறிகுறியும் காட்டாமல் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஏதேனும் அதிர்ச்சியோ உடல்நலக் குறைவோ வரும்போது திடீரென்று வெளிப்படக்கூடியது. நாய்கள் குரைத்த இரவு இதற்கும் ஒரு காரணமாகியிருக்கலாம் என்பதால்தான், காயம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தலை ஒரு பக்கம் சாய்தல், கண்மணி வெளுத்தல், கண்கள் இடவலமாக ஆடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்து தென்பட்டால் இந்தச் சந்தேகம் வலுக்கும். வழக்கமான சிகிச்சை, கிலோவுக்கு 20 மி.கி. வீதம் பென்பெண்டசோல் மருந்தை நாளொன்றுக்கு ஒருமுறையாக 28 நாட்கள் வாய்வழி கொடுப்பதாகும். ஆட்டுக்கு வாங்கி வைத்த குடற்புழு மருந்துதானே என்று கண்ணளவில் ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும்.

தங்கள் கடைசிக் கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. காயம் தொற்றாது, இந்த ஒட்டுண்ணி தொற்றும். நோயுற்ற முயலின் சிறுநீர் பட்ட தழையையும் தண்ணீரையும் உட்கொள்வதன் வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது. காரணம் தெளிவாகும்வரை மூன்று முயல்களையும் தனியே வைத்து, தீவனத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம், கூண்டுத் தரை ஆகியவற்றைக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதர்களுக்கும் இது வரக்கூடும் என்பதால், வீட்டில் அத்தகையவர் இருந்தால் கூண்டைத் தூய்மை செய்யும் வேலையை அவரிடம் விட வேண்டாம்.

மற்ற காரணங்களில் தங்கள் பகுதிக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது கோழித்தீவனம். நாமக்கல் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை முயலுக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். சில கோழித்தீவனங்களில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கப்படும் சாலினோமைசின், நாராசின் போன்ற மருந்துகள் முயலின் தசைகளையும் நரம்புகளையும் தாக்கிக் கால்களைத் தளர்த்தும். அப்படி ஏதும் கொடுத்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கம்பி வலைத் தரையில் நின்று உள்ளங்கால் புண்ணாகியிருந்தாலும் முயல் காலை ஊன்றாது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

காரணம் எதுவாயினும், முயல் இரை எடுக்காமல் இருக்க விடக் கூடாது. அரை நாள் முழுப் பட்டினி கிடந்தாலே குடல் இயக்கம் நின்று, கால் நோயைவிட விரைவாக உயிரைப் பறித்துவிடும். வேலிமசால், புல் ஆகியவற்றை வாய்க்கு எட்டும் தொலைவில் வையுங்கள். தின்னாவிட்டால் முயல் குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியபின், ஊசி நீக்கிய சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டு இடைவெளி வழியே சிறிது சிறிதாகக் கொடுங்கள். 3 கிலோ எடைக்கு வேளைக்கு 30 மி.லி. வீதம் நாளைக்கு ஐந்து முறை கொடுக்கலாம். வயிறு உப்பியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். முயல் தன் மென்மையான புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து உண்ணும் இயல்புடையது. இப்போது குனிந்து எடுக்க முடியாததால் அது பின்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து வாயருகே வைத்தால் உண்ணும். சிறுநீரில் நனைந்த மயிரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் நாளைக்கு இருமுறை துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் தோல் வெந்து, ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வீட்டிலிருக்கும் எந்த மருந்தையும் தாங்களாகக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகும். ஸ்டீராய்டு ஊசி போடும் எண்ணம் மருத்துவருக்கு இருந்தால், ஒட்டுண்ணிச் சந்தேகத்தை முன்கூட்டியே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அது இருக்கும் முயலுக்கு ஸ்டீராய்டு நோயை முற்றச் செய்யும்.

மற்ற மூன்று முயல்களின் கூண்டை இன்றிரவே நாய் நெருங்க முடியாத திண்ணைக்கோ அறைக்கோ மாற்றி, அஞ்சினால் ஓடி ஒளிய உள்ளே ஒரு மரப்பெட்டியும் வைத்துவிடுங்கள்.