குயில் கூவும்போது எந்தப் புத்தகத்தை எடுப்பது?

கேள்வி: வசந்த காலத்துக்கு ஏற்ற புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? நீங்கள் என்ன படிப்பீர்கள்?

முதலில் எந்த வசந்தம் என்று பேசித் தீர்த்துக்கொள்வோம். இலக்கணக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் மே 4 வாக்கிலேயே கத்திரி தொடங்கிவிடுகிறது. நான் இருப்பது மதுரை. இங்கே கத்திரி வெயிலை இளவேனில் என்று சொன்னால் வீட்டில் அடிக்க வருவார்கள். என் கணக்கில் மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை நடுவில் முடிந்துவிடுவதுதான் வசந்தம். அதுவும் நாள் முழுக்க இல்லை. காலை ஐந்தரைக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு ஏற்ற புத்தகம் எது என்பதாகத்தான் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதில் நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘வசந்தத்தில் படிக்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியலைப் பார்த்து மூன்று புத்தகம் வரவழைத்தேன். மூன்றிலும் பனி உருகியது. குளிர் விட்டதென்று ஜன்னலைத் திறந்தார்கள், கனத்த கோட்டைக் கழற்றி மாட்டினார்கள், புதிதாக வாழத் தொடங்கினார்கள். நான் மொட்டை மாடியில் பனியனோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கழற்ற வேறு எதுவும் மிச்சமில்லை. ஒரு நாள் கரன்ட் போன மதியத்தில் புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்தபடி தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அட்டையின் சிவப்புச் சாயம் பனியனில் அச்சாகியிருந்தது. அந்த மூன்று புத்தகங்களில் என்னிடம் தங்கியது அந்தக் கறை மட்டும்தான்.

அப்புறம்தான் புரிந்தது. குளிர்காலம் உள்ளே அடைத்துப்போட்ட ஊர்க்காரனுக்கு வசந்தம் விடுதலை. நமக்கு அப்படி ஓர் அடைப்பே கிடையாது. தமிழில் வசந்தத்தைப் பற்றி எழுதியவர்கள் வேறு ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள்: பருவம் வந்துவிட்டது, ஆனால் வருகிறேன் என்று சொன்ன ஆள் வரவில்லை.

இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று நான் வியந்தது சங்க நூலான ஐங்குறுநூற்றில். பிரிவைப் பாடும் பாலைத் திணைப் பாடல்கள் நூறையும் பாடியவர் ஓதலாந்தையார். அதில் 341 முதல் 350 வரை ‘இளவேனிற் பத்து’. பத்துப் பாட்டும் ஒரே அடியில்தான் தொடங்கும்: ‘அவரோ வாரார் தான்வந் தன்றே’. அவர் வரவில்லை, இது வந்துவிட்டது. எது என்று கேட்டால், பாட்டுக்கு ஒரு பதில் வருகிறது. நுணா மணக்கும் பொழுது. கோங்க மொட்டு உடையும் பொழுது. பாதிரி மலர்ந்ததென்று குயில் கூவும் பொழுது. வேம்பின் பூ உதிரும் பொழுது. ஒவ்வொன்றும் மூன்றே அடி. பத்தையும் படிக்கப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனால் ஒரே மூச்சில் படித்தால் வீண். ஒரு காலைக்கு ஒன்று போதும்.

நான் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறையே இதிலிருந்து வந்ததுதான். முதலில் வெளியே போய் எந்த மரம் பூத்திருக்கிறது என்று பார்ப்பேன். அதற்குரிய பாட்டைப் பிறகு திறப்பேன். புங்கமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 347ஆம் பாட்டில் அது ‘பொரிப்பூம் புன்கு’. படித்தபோது ஏதோ அடைமொழி என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு ஒரு பங்குனிக் காலையில் பால் வாங்கப் போனபோது தெருமுனைப் புங்கமரத்தடியில் தரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. யாரோ பொரிப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து ஒன்றை எடுத்தேன். பூ. பால் பாக்கெட் கையில் சொட்டிக்கொண்டிருக்க அங்கேயே நின்று சிரித்தேன். எதிர்வீட்டு அக்கா, “என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். எப்படி விளக்குவது?

அதேபோல 346இல் ‘செங்கண் இருங்குயில்’. குயிலின் கண் சிவப்பு என்பது பக்கத்தில் பார்த்தவருக்குத்தான் தெரியும். இருங்குயில் என்றால் கரிய குயில். கரியது ஆண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். நாம் ரசிக்கும் அந்தக் கூவல் ஆணுடையது, பெண்ணின் குரல் கிக்-கிக் என்று கத்தலாக வரும். (இதே பத்தின் முதல் பாட்டில் ‘குயில்பெடை’, அதாவது பெண் குயில், கூவுவதாகவும் வருகிறது. அதைக் கிளறினால் பதில் நீண்டுவிடும்.)

பாரதியார் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. குயில் பாட்டில் பாடுவது பெண் குயில். புதுச்சேரி மாஞ்சோலையில் அது கவிஞரிடம் காதல் சொல்கிறது. பிறகு பார்த்தால் குரங்கிடமும் அதையே சொல்கிறது, மாட்டிடமும் சொல்கிறது. பள்ளியில் இதற்குத் தத்துவ விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் மறுபடி ஒரு தடவை சும்மா படித்துப் பாருங்கள். குரங்கின் அழகைக் குயில் புகழும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கலாம். பொறாமையை இவ்வளவு கேலியாக எழுதிய நீள்கவிதை தமிழில் வேறு எனக்குத் தெரியாது. ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம், சத்தமாகப் படிப்பது நல்லது.

பறவையை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மா. கிருஷ்ணன். காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், படமும் எடுத்தார், வரையவும் வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் வந்திருக்கிறது. சின்னச் சின்னக் கட்டுரைகள். ஒன்றைப் படித்துவிட்டு மூடி வைத்து மாடிச் சுவரில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

என் பட்டியலில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை. முழுச் சிலம்பையும் எடுக்கச் சொல்லவில்லை, இந்த ஒரு காதை போதும், நூறு அடிகூட இல்லை. இதற்கு முந்தைய கானல்வரியில் மாதவியோடு பிணங்கிக் கோவலன் போய்விட்டான். தென்றல் வருகிறது, குயில் கூவுகிறது, இளவேனில் வந்துவிட்டது. மாதவி யாழை எடுக்கிறாள், மனம் வேறெங்கோ இருப்பதால் கை மயங்குகிறது. பிறகு கடிதம் எழுத உட்காருகிறாள். தாழையின் வெண்தோடு தாள், பித்திகை மொட்டு எழுத்தாணி, செம்பஞ்சுக் குழம்பு மை. கடிதத்தில் ‘இன்இள வேனில் இளவரசாளன்’ என்கிறாள். இளவேனில் ஓர் இளவரசனாம், சந்திரனும் நேர்மையானவன் இல்லையாம். ஆட்சி சின்னப் பையன் கையில், கூட இருப்பவனும் சரியில்லை, நான் யாரிடம் போய் முறையிட? இதில் கெஞ்சலும் உண்டு, குறும்பும் உண்டு. எனக்கு அந்தக் குறும்புதான் முக்கியம்.

கடிதத்தை மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். மாதவி எட்டு விதமாக நடித்தாள் என்று ஒரு பட்டியல் வேறு போடுகிறான். திரும்பி வந்தவளிடம் மாதவி, மாலையில் வராவிட்டாலும் காலையில் பார்க்கலாம் என்கிறாள், தூங்காமல் கிடக்கிறாள். அடுத்த விடியலுக்கு முன்பே அவன் கண்ணகியோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். இது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இளவேனில் காலையில் அந்த ‘காலையில் பார்க்கலாம்’ என்ற இடத்தைப் படித்தால் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியாது.

தடிமனான நாவல்தான் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று சொல்வேன்: டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’, 1899இல் வந்தது. ரா. கிருஷ்ணையாவின் தமிழாக்கம் இருக்கிறது. இதிலும் அந்த ஊர் வசந்தம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் இதில் யாரும் விடுதலையாகவில்லை. முதல் பக்கத்தில், மனிதர்கள் கல் பாவி மூடிய தரையிலும் இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் புல் முளைக்கிறது. அதே காலையில், ஏப்ரல் 28 அன்று, மாஸ்லவா என்ற கைதியை நீதிமன்றத்துக்கு நடத்திப் போகிறார்கள். வழியில் தானியக் கடை முன்னால் மேய்ந்த புறா ஒன்று அவள் காலில் படப் பார்த்து, சிறகடித்துக் காதோரம் பறந்து போகிறது. அவள் சிரிக்கிறாள். அடுத்த நொடி தன் நிலைமை ஞாபகம் வந்து பெருமூச்சு விடுகிறாள். நான் முன்னால் வாங்கிய மூன்று புத்தகங்களிலும் இப்படி ஒரு புறா இல்லை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சரியாக இருக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். சென்னையில் தண்ணீருக்கு அலைந்த கதை. அருமையான நாவல், ஆனால் அதைக் கத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் காற்று வரும் நாளில் படித்தால்தான் அது உறைக்கும்.

சங்கப் பாட்டு புரியாதே என்ற பயம் வேண்டாம். ஐங்குறுநூற்றை உ.வே.சா. 1903இலேயே பழைய உரையோடு பதிப்பித்துவிட்டார். எளிய உரைகள் கடையில் கிடைக்கின்றன. மூலம் மட்டும் போதுமென்றால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசம். நான் பாட்டை ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன், போனைத் திறந்தால் பாட்டுக்கு வந்து சேர்வதில்லை.

இந்த வருஷச் சீட்டு 350ஆம் பாட்டு, வேப்பம்பூ. வருஷப் பிறப்புப் பச்சடிக்காக அம்மா மாடியில் வேட்டி விரித்துப் பூ காயவைத்திருக்கிறார். காக்கா வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. எட்டு மணி வரை அங்கேதான் இருப்பேன்.