ஷேமஸும் ஹேமிஷும் ஒரே பெயர்தான்

வணக்கம். ஸ்காட்லாந்துக்காரரான உங்கள் கணவரின் தாத்தா ஜேம்ஸின் நினைவாக மகனுக்குச் சூட்ட, ஷேமஸ், ஹேமிஷ் ஆகிய கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளுள் ஒன்று) பெயர்களில் எது பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஜேம்ஸைக் குறிக்கும் ஒரே கேலிக் பெயரே. ஷேமஸ் என்பது எழுவாய் வடிவம். அப்பெயருள்ளவரை அழைக்கும்போது, கேலிக் இலக்கணப்படி முன்னே ‘அ’ என்னும் விளிச்சொல் சேர்ந்து, முதலிலுள்ள ‘ஷ’ ஒலி ‘ஹ’ ஆகவும் இறுதி ‘ஸ்’ ‘ஷ்’ ஆகவும் திரிந்து ‘அ ஹேமிஷ்’ என்றாகிறது. முருகன் ‘முருகா’ ஆவதைப் போன்ற இந்த விளி வடிவமே பின்னர் ஆங்கிலத்தில் தனிப்பெயராக நிலைத்துவிட்டது. (மாரி என்னும் பெண்பெயரிலிருந்து ‘வாரி’ பிறந்ததும் இப்படித்தான்.) ஜேம்ஸ் என்ற பெயரின் மூலம் எபிரேய யாக்கோபு, தமிழ் விவிலியத்திலும் ஜேம்ஸ் யாக்கோபுதான். வீட்டில் கேலிக் பேசுவார்களெனில் ஷேமஸ் என்றே பதியுங்கள். அவர்கள் காதுக்கு ஹேமிஷ், பிறப்புச் சான்றிதழில் ‘முருகா’ என்று எழுதியதுபோல ஒலிக்கக்கூடும்.