‘இந்தியத் தமிழர்’ என்றிருந்தால் பாஸ்போட் கிடைக்காதா?

கேள்வி: 1977 கலவரத்தோடு ஹட்டன் தோட்டத்தை விட்டுத் திருகோணமலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’, என்னுடையதில் ‘இலங்கைத் தமிழர்’. மகளின் பாஸ்போட்டுக்குச் சிக்கல் வருமா? தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இனித் தேவையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த இனக் கட்டத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். இனம் வேறு, பிரஜாவுரிமை வேறு. மகள் பிறந்தபோது நீங்களோ கணவரோ இலங்கைப் பிரஜையா என்பதே கேள்வி. (2003 வரை தந்தை வழி மட்டும்தான் எடுபட்டது.)

ஆனால் பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் புரட்டினால் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல்லே கிடைக்காது. தந்தை இங்கே பிறந்தவரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்றுதான் கேட்டது. சாதுவான கேள்விதான். லயத்துக் காம்பிராவில் பிறந்த அப்பனுக்கு யார் அத்தாட்சி வைத்திருந்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து காணாமல் போனார்கள். இந்தச் சட்டங்களை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு 1953இல் கோமறைக் கழகம் (லண்டன் பிரிவி கவுன்சில், அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றம்) வரை போயும், அது பிரஜாவுரிமையை வரையறுக்கும் சட்டம்தான், செல்லும் என்றார்கள். எனக்கு இன்றும் செரிக்காத தீர்ப்பு.

உங்கள் தாத்தாவுடையது 1949 இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி கிடைத்த பதிவு. மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் வதிந்ததைக் காட்டியாக வேண்டும். அப்படிப் பெற்ற கடதாசி அது.

அதன் திகதியை அப்பாவின் பிறந்த திகதியோடு ஒப்பிடுங்கள். அப்பா பிறகு பிறந்திருந்தால் அவர் வம்சாவழிப் பிரஜை. முன்பே பிறந்திருந்தால், பிள்ளைகள் விவரத்தில் அவர் பெயர் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் கதவு அடைபடவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே வாழும் அவர்கள் சந்ததிக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. (நம் ஊரில் தலைமுறையாய் இருக்கும் சீன வம்சாவளிக் குடும்பங்களுக்கு அதுபோன்ற சட்டம் 2008இல்தான் வந்தது.)

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நீங்கள் அனுப்பிய படத்தில் தாத்தா ‘முனியாண்டி’. அப்பாவின் சான்றிதழில் ‘முனியண்டி’. தோட்டத்துக் கிளாக்கரையா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இழுபட்டால் இங்கேதான் இழுபடும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பத்திரம் மடிப்பில் கிழிந்திருக்கிறது. செலோடேப் ஒட்டாமல், லமினேட்டும் பண்ணாமல் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்துவிட்டு உறையில் போடுங்கள்.