‘மாண்டா, மாண்டா’வில் நம்மைப் போன்றவர்கள் எங்கே?

வணக்கம் தம்பி. ஜெர்மனியின் போஹும் நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர்கள் ‘மாண்டா, மாண்டா’ என்ற பழைய ஜெர்மன் நகைச்சுவைப் படம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அது யாரைக் கேலி செய்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இடம் என்று கேட்டிருந்தீர்கள்.

கேலி வெளிநாட்டவரைப் பற்றியது இல்லை, ஆலைத் தொழிலாளி வீட்டுப் பையனைப் பற்றியது. மாண்டா என்பது ஓப்பல் நிறுவனம் 1970 முதல் 1988 வரை தயாரித்த கார். பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார், விலை சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும். முதல் தலைமுறை மாண்டா உங்கள் ஊர் ஓப்பல் ஆலையில் உருவானது. 1990 வாக்கில் நாடு முழுக்க மாண்டா ஜோக்குகள்: ஆன்டெனாவில் நரிவால், ஜன்னலுக்கு வெளியே முழங்கை, கௌபாய் பூட்ஸ், பக்கத்து சீட்டில் சலூனில் வேலை பார்க்கும் காதலி. 1991-ல் வொல்ஃப்காங் பியூல்ட் இயக்கிய இந்தப் படம் அவற்றைக் கதையாக்கியது. டில் ஷ்வைகர் நடித்த மாண்டாக்காரன் பெர்ட்டி, போட்டியாளன் அக்சலின் மெர்சிடிஸோடு பந்தயத்துக்கு இறங்குகிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அவன்தான் ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கிறோம்.

அந்தப் பாசம் யாருக்கெல்லாம் கிடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது, 1973-ல் நிறுத்தியது. வந்தவர்களின் பிள்ளைகள் 1991-ல் கார் ஓட்டும் வயதில் இருந்தார்கள். 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களும் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். போஹும் இருக்கும் ரூர் தொழிற்பகுதியின் கார் மோகம் இவர்கள் வீட்டிலும் இருந்ததுதான். ஆனால் கதையைச் சுமக்கும் மூன்று பெயர்கள் பெர்ட்டி, அவன் காதலி ஊஷி, அக்சல்.

படம் பார்க்கும்போது ஜெர்மன் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காதையும் தீட்டி வையுங்கள். ரூர் பேச்சில் ‘தாஸ்’ (அது) என்பது ‘தாட்’ ஆகும், ‘வாஸ்’ (என்ன) என்பது ‘வாட்’ ஆகும். சப்டைட்டில் பல நேரம் அதைத் திருத்தி எழுதிவிடும். யார் வாயில் இந்த ஊர்ப் பேச்சு வருகிறது, யாரை உடைந்த ஜெர்மன் பேச வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். இங்கே பிறந்த துருக்கியர் பிள்ளைகள் பலரும் ‘தாட், வாட்’ என்றுதான் பேசுகிறார்கள். ஒரு படத்தில் அவர்கள் மட்டும் தடுமாறிப் பேசினால் அது எழுத்தாளரின் சோம்பேறித்தனம். ஸ்டியரிங் யார் கையில், ஜோக் விழுந்த பிறகு பதில் சொல்ல யாருக்கு வாய்ப்பு என்பதையும் பாருங்கள். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ஒரு பாத்திரத்துக்குப் பெயர் இல்லாமல் தொழிலோ இனமோ மட்டும் போட்டிருந்தால் அதற்குக் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க 2013-ல் வந்த ‘ஃபக் யு கோத்தே’ நல்ல படம். எழுதி இயக்கியவர் போரா டாக்தெகின், நாயகன் எலியாஸ் எம்பாரெக். பாத்திரத்தின் பெயர் செக்கி முல்லர். முதல் பெயர் துருக்கியப் பெயர், குடும்பப் பெயர் ஜெர்மன், கதை அதை ஒரு பிரச்சினையாக ஆக்குவதே இல்லை. திரையரங்கில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ‘மாண்டா’வின் இரண்டாம் பாகத்தை 2023-ல் ஷ்வைகரே இயக்கினார். அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

அலுவலகத்தில் ஒரு எச்சரிக்கை. ‘கனாக்கே’ என்ற சொல்லைத் துருக்கியச் சக ஊழியர் தன்னைப் பற்றியே சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். அது துருக்கியர் போன்ற வெளிநாட்டவரை இழிவுபடுத்தும் வசைச்சொல், அவர்கள் தங்களுக்குள் எடுத்து ஆள்வது வேறு விஷயம். ‘அஸி’யும் வேண்டாம், ஏழைகளை இழிவாகச் சொல்வது அது. சலூன் பெண் ஜோக்குகளையும் விட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவரின் அம்மா அந்த வேலை பார்த்திருக்கலாம்.

பேச்சைத் தொடங்க வேண்டுமென்றால், ‘உங்கள் வீட்டில் யாராவது ஓப்பலில் வேலை பார்த்தார்களா?’ என்று கேளுங்கள். 1962-ல் திறந்த ஆலை 2014 டிசம்பரில் மூடப்பட்டது. போஹுமில் அந்தக் கேள்விக்கு ஜெர்மானியரும் துருக்கியரும் ஒரே மாதிரி நெடுநேரம் பதில் சொல்வார்கள்.